பட்டுத்திரை அச்சும் அதன் பெயரும்

தொழில் ஒன்று நுண்கலையாக ஏற்கப்படுங்கால் மாறுவது யாது? கருவியா, செய்முறையா, பெயரா? பட்டுத்திரை அச்சின் வரலாற்றைக் கொண்டு இவ்வினாவை ஈண்டு ஆராய்வோம்.

உருவம் வெட்டிய தாளின் வழியே வண்ணமிடுதல் தொன்மையான முறையாகும். அதற்கு ஒரு குறையுண்டு. வளையம் ஒன்றை வெட்டின், அதன் நடுப்பகுதி பற்றுக்கோடின்றி வீழ்ந்துவிடும். சப்பானியத் துணியச்சர் அப்பகுதியை நுண்ணிய பட்டிழைகளால் தாங்கினர். சட்டத்தில் இறுகக் கட்டிய பட்டுத்துணியே அதனைத் தாங்குமாயின் இடர்ப்பாடு நீங்கும். மான்செசுட்டரைச் சார்ந்த சாமுவேல் சைமன் 1907-இல் திரையச்சு முறை ஒன்றிற்கு உரிமம் பெற்றார்.

மை புகவேண்டாத இடத்துத் துணியின் கண்களை அடைத்து, இரப்பர் விளிம்புடைய பலகையால் மையை இழுப்பர். திறந்த கண்களின் வழியே மை தாளிற் படியும். ஒவ்வொரு வண்ணத்திற்கும் திரையைத் தனியே அமைத்து, தாளை அதே இடத்திற் பொருத்தி மீண்டும் அச்சிடல் வேண்டும்.

அமெரிக்காவில் இது நெடுங்காலம் விளம்பரத் தொழிலாகவே கருதப்பட்டது. பொருளாதார வீழ்ச்சியால் வேலையிழந்த ஓவியர்க்கு உதவ 1935-இல் அரசு தொடங்கிய கலைத்திட்டத்தின்கீழ், 1938-இல் நியூயார்க்கில் அந்தோணி வெலோனிசு தலைமையில் பட்டுத்திரைப் பிரிவு அமைந்தது. அழுத்தப்பொறி வேண்டாமையும் கருவிகளின் மலிவும் வறிய ஓவியர்க்குப் பெருந்துணையாயின.

ஆயினும் விளம்பரத் தொழிலின் சாயல் மதிப்பிற்கு இழுக்காயிற்று. ஆகவே, பட்டைக் குறிக்கும் இலத்தீன் சொல்லையும் எழுதுதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் இணைத்துச் 'செரிகிராப்' என்னும் பெயர் ஆக்கப்பட்டது. அச்சுப்பட அறிஞர் கார்ல் சிகுரோசர் அதனைப் பரப்பினார்.

பெயரே கலையாக்கிற்று என்பார் உளராயின், அக்கூற்று பொருந்தாது. விளம்பரக் கூடத்தில் வரைவோர் ஒருவர், அச்சிடுவோர் பிறிதொருவர். இப்பிரிவின் ஓவியரோ திரையிலேயே சிந்தித்தனர். மஞ்சளின்மேல் ஒளி ஊடுருவும் நீலம் படியப் பச்சை தோன்றும். இவ்வாறு அடுக்கடுக்காய் எழும் படத்திற்கு முன்மூலம் என ஒன்றில்லை. ஆதலின் அது படியன்று.

கைவண்ணமே கலையென்னும் கொள்கையும் முற்றும் நில்லாது. ஆண்டி வாரோல் 1962-இல் நடிகை மர்லின் மன்றோவின் நிழற்படத்தைத் திரைவழியே ஐம்பது முறை பதித்தார். மை மிகுதலையும் மங்கலையும் திருத்தாது பொருளுடையனவாக்கினார். மறைக்க முயன்ற தொழிற்சாயலே அங்குக் கலையாயிற்று. இவ்விரண்டிற்கும் பொதுவாய் நிற்பது, செய்முறையைக் கொண்டே சிந்திக்கும் உள்ளம் என்பது நம் துணிபு.

இன்று திரைகள் பெரும்பாலும் பாலியெசுட்டர் இழையால் ஆயவை. பட்டுப் போயினும் பெயர் போகவில்லை. எள்ளின் நெய்யாகிய எண்ணெய், தேங்காயெண்ணெய் என்னும் வழக்கிலும் நிலவுவது போன்றதே இது. பெயர் பழைய பொருளைக் காட்டும். கலையின் தகுதியைக் காட்டுவது செயலே.