ஒற்றை ஆசனப் பந்தயக் காரின் பூர்வோத்தரம்

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டனுக்கு ஏறிச் செல்லும் சாலை, தேயிலைத் தோட்டங்களையும் ஏலக்காய்க் காடுகளையும் கடந்து, நக்கிள்ஸ் மலைத்தொடரின் தோளில் வளைந்து வளைந்து உயர்ந்து, காற்று ஆளை நிற்கவிடாமல் தள்ளும் கணவாயை அடைந்து, பின்பு பிட்டவல பத்தனைப் புல்வெளியை நோக்கி இறங்குகிறது. எதிரே ஒரு லொறி வந்தால் ஒதுங்க இடம் தேட வேண்டிய இத்தகைய மலைச் சாலைகளில் பழகியவர்களுக்கு மோட்டார் வண்டியின்மீது விசேஷ அபிமானம் உண்டாவது இயல்பே. நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934ஆம் ஆண்டிலேயே ஆரம்பமாயிற்று. தோட்டங்களில் துரைமாரின் கார்களை ஓட்டியும் கராஜுகளில் பழுது பார்த்தும் வாழ்ந்தவர்களுள் நம்மவர் பலர். ஆகையால், தமிழர் ஒருவர் உலகப் பந்தயக் களத்தில் ஓட்டிய ஒரு காரின் வமிசத்தைச் சற்று நிதானமாக ஆராய்வது மலைநாட்டு வாசகர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது என்று நம்புகிறேன்.

இத்தாலியில் மரனெல்லோவில் உருவாகும் ஃபெராரி வண்டிகளை அறியாதார் இலர். ஆயினும் அந்தக் குலத்தின் ரத்தம் ஓடியும் அந்தப் பெயரைத் தனியுரிமையாகப் பெறாத ஒற்றை ஆசனக் கார் ஒன்று உண்டு. தேசத்துக்கு ஓர் அணி, எல்லா அணிகளுக்கும் ஒரே வகைக் கார் என்ற நியதியோடு 2005ஆம் ஆண்டு தொடங்கிய ஏ1 கிராண்ட் பிரீ பந்தயத்தில், முதல் மூன்று பருவங்களில் ஓடியவை இங்கிலாந்தின் லோலா நிறுவனம் செய்த கார்கள். அவற்றில் ஜைடெக் நிறுவனத்தின் 3.4 லிட்டர் வி8 எஞ்சின் பொருத்தப்பட்டிருந்தது. 2007 டிசம்பர் 16 அன்று சீனத்தின் சூஹாய் களத்தில் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் இந்திய அணிக்கு முதல் வெற்றியைத் தேடித் தந்தது இந்த லோலா காரில்தான். 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தொடங்கிய நான்காம் பருவத்தில் அந்தக் கார்கள் கைவிடப்பட்டு, ஃபெராரியின் துணையோடு அமைந்த புதிய கார்கள் வந்தன. அந்தப் பருவத்திலும் அதே நரேன், அதே இந்திய அணிக்காக ஓட்டினார். மயக்கம் பிறக்கும் இடம் இதுவே: அணியும் அதே, ஓட்டுநரும் அவரே, வண்டியோ வேறு.

புதிய காரின் மூலவடிவம் ஃபெராரி எஃப்2004. மைக்கேல் ஷூமாக்கர் ஏழாம் முறை உலகச் சாம்பியனான 2004ஆம் ஆண்டில் நடந்த 18 பந்தயங்களுள் 15ஐ வென்ற கார் அது. மூக்கின் சாய்விலும் பக்கவாட்டுத் திரட்சியிலும் அதன் சாயலைக் கண்டவர், 'இதுவே எஃப்2004' என்று துணிந்து கூறிவிடக்கூடும். பெயர் பொறிக்காத பழைய செப்புத் திருமேனியை அதன் கையிலுள்ள ஆயுதத்தையும் முத்திரையையும் கொண்டு இன்ன மூர்த்தி என்று துணிவதுபோல, இங்கும் அங்கங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும். முதலில் டயர். 2004ஆம் ஆண்டு ஃபார்முலா ஒன்று விதிப்படி ஒவ்வொரு டயரிலும் நான்கு வரிப்பள்ளங்கள் சுற்றிலும் ஓடும். ஏ1 காரின் டயரோ பள்ளம் ஏதுமின்றி மழமழவென்றிருக்கும். டயரின் பக்கத்தில் 'கூப்பர்' என்று எழுதியிருந்தால் அது பழைய லோலா. 'மிஷெலின்' என்றிருந்தால் நான்காம் பருவத்துக் கார். அடுத்து எஞ்சின்: எஃப்2004இல் இருந்தது 3 லிட்டர் வி10, இதிலோ சுமார் 600 குதிரைத்திறன் தரும் 4.5 லிட்டர் வி8. நிமிடத்துக்குப் பதினெட்டாயிரம் சுற்றுகளைக் கடந்து அலறிய வி10இன் குரலை ஒருமுறை கேட்ட செவி, இந்த வி8இன் கனத்த ஒலியோடு அதை ஒருநாளும் குழப்பிக்கொள்ளாது.

ஆகவே அந்தக் காரை வெறுமனே 'ஃபெராரி' என்று அழைப்பது மிகை. ஃபெராரிக்குச் சம்பந்தமில்லாதது என்பது அநீதி. 'ஃபெராரியின் ஆற்றலில் இயங்கும் ஏ1 கார்' என்று பந்தயத்தார் சூட்டிய பெயரே நேர்மையான பெயர் என்பது என் தீர்மானம். 2009 அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் சர்பர்ஸ் பாரடைஸில் தொடங்கவிருந்த ஐந்தாம் பருவத்துக்குப் பணநெருக்கடியால் கார்கள் வந்துசேரவே இல்லை. பந்தயமும் அத்தோடு அஸ்தமித்தது. ஒரே அச்சில் வார்த்த கார்களுக்குத் தேசிய வர்ணமே அடையாளமாயிருந்ததால், வர்ணம் மாறிய பின்பு எது எந்த நாட்டுக்கு ஓடியது என்று காண்பது கடினமே.

அடுத்த ஆண்டே இத்தகைய மற்றொரு வண்டி வந்தது. 2010இல் சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் ஓட்டிய ஹிஸ்பானியா அணியின் எஃப்110 காருக்கு ஸ்பானியப் பெயர் வாய்த்ததேயன்றி, அதை அமைத்தது பார்மாவுக்கு அருகிலுள்ள வரானோவின் தல்லாரா நிறுவனம். பஹ்ரைன் பந்தயத்தின் தகுதிச் சுற்றில்தான் கருண் அந்தக் காரில் முதன்முறையாகக் களத்துக்குள் சென்றார் என்பது அந்த வண்டி எத்துணை அவசரத்தில் பிறந்தது என்பதைக் காட்டும்.

இது நம் காலத்தில் மட்டும் நேர்ந்த குழப்பமன்று. 1935இல் என்சோ ஃபெராரியின் அணி ஆல்ஃபா ரோமியோவுக்காக முன்னே ஒன்றும் பின்னே ஒன்றுமாக இரண்டு எஞ்சின் பூட்டிய விசித்திரமான கார்களைச் செய்தது. பந்தய ஓட்டுநர் நுவோலாரி அவற்றுள் ஒன்றில் மணிக்கு 320 கிலோமீட்டருக்கும் மேல் விரைந்தார். அவற்றுள் ஒன்று பின்னர் இங்கிலாந்து சேர்ந்து, பின் எஞ்சின் அகற்றப்பட்டு, 'ஆல்ஃபா ஏய்ட்கன்' என்ற வேறு பெயரில் வேறு காராகவே வாழ்ந்தது.

இத்தகைய குழப்பம் நம் கார்களுக்கும் நேராதிருக்க, மகாகஸ்தோட்டையிலோ கட்டுகுருந்தையிலோ எடுத்த பந்தயப் படங்களை வீட்டில் வைத்திருக்கும் அன்பர்கள், அவற்றின் பின்புறத்தில் இடத்தையும் ஆண்டையும் காரின் எண்ணையும் ஓட்டியவர் பெயரையும், அந்த எஞ்சினைப் பிரித்துப் பூட்டியவர் பெயரையும், அவற்றை அறிந்த பெரியவர்கள் உயிரோடிருக்கும் இப்போதே பென்சிலால் எழுதிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.