கிட்னி ஸ்டோன் எதனால் ஆனது? வெளியே வந்த கல்லை ஏன் தூக்கிப் போடக் கூடாது?

விலாவுக்குக் கீழே திடீரென்று பிடித்து இழுக்கும் வலி. அப்படியே அடிவயிறு வரை இறங்கும். உட்காரவும் முடியாது, படுக்கவும் முடியாது. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, "கிட்னியில கல்லு இருக்கு" என்று டாக்டர் சொன்னதும் நாம் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை எம்.எம்.?" என்பதுதான்.

ஆனால், அதே அளவுக்கு முக்கியமான இன்னொரு கேள்வி இருக்கு. "அது என்ன கல்?" பெரும்பாலானவர்கள் இதைக் கேட்பதே இல்லை. சிறுநீரகக் கல் என்று ஒரே பேரில் சொன்னாலும், அதில் பல வகைகள் உண்டு. ஒரு வகையைக் கரைக்கும் மருந்து, இன்னொரு வகை கல் வளரவே உதவி செய்துவிடலாம். அதனால்தான் கல் எதனால் ஆனது என்று தெரிந்துகொள்வது அவசியம். விரிவாகப் பார்க்கலாம்.

கல் எப்படி உருவாகிறது?

உப்பளத்தில் தண்ணீர் வற்ற வற்ற உப்பு பூப்பதைப் பார்த்திருப்பீர்கள். கிட்டத்தட்ட அதே கதைதான் இங்கேயும். சிறுநீரில் கால்சியம், ஆக்சலேட், பாஸ்பேட், யூரிக் அமிலம் போன்றவை எப்போதும் கரைந்திருக்கும். தண்ணீர் குறைவாகக் குடித்தாலோ, வெயிலில் வேலை பார்த்து வியர்வை அதிகம் வெளியேறினாலோ சிறுநீர் அடர்த்தியாகிவிடும். கரைந்திருந்த உப்புகள் படிகமாகத் தொடங்கும்.

இதைத் தடுக்க நம் உடம்பிலேயே ஒரு ஏற்பாடு இருக்கு. சிறுநீரில் உள்ள சிட்ரேட், கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு படிகம் உருவாவதைத் தடுக்கும். சிட்ரேட் குறைந்தாலும் கல் வரும் வாய்ப்பு கூடும்.

படிகம் ஒட்டிக்கொள்ள ஒரு இடமும் வேண்டும். 1937-ம் ஆண்டு அமெரிக்க மருத்துவர் அலெக்சாண்டர் ராண்டல் இதைக் கவனித்துச் சொன்னார். சிறுநீரகத்துக்குள் சிறுநீர் வந்து சொட்டும் முனைகளில் கால்சியம் பாஸ்பேட் வெள்ளைத் திட்டாகப் படிகிறது. அந்தத் திட்டைப் பிடித்துக்கொண்டு அதன் மேல் கால்சியம் ஆக்சலேட் வளர்கிறது. இன்றைக்கும் மருத்துவ உலகில் இதற்கு 'ராண்டல் திட்டு' என்றுதான் பெயர்.

கல்லுக்குள் என்ன இருக்கு?

ஒரு கல்லை இரண்டாக வெட்டிப் பார்த்தால், நடுவில் சின்னதாக ஒரு கரு இருக்கும். அதைச் சுற்றி மரத்தின் வளையங்கள் போல அடுக்கடுக்காகப் படிகங்கள் படிந்திருக்கும். சில கற்களில் நடுவிலிருந்து வெளியே நோக்கி ஊசி ஊசியாகக் கோடுகளும் தெரியும்.

படிகம் மட்டும்தானா என்றால், இல்லை. எடையில் சுமார் 2 முதல் 3 சதவீதம் புரதம் போன்ற பொருட்கள் கலந்திருக்கும். இதுதான் படிகங்களை ஒட்டி வைக்கும் பசை மாதிரி.

உள்ளே ஒரு வகை, வெளியே வேறு வகை என்று கலந்து வளரும் கற்களும் உண்டு. எகிப்தில் எல் அம்ரா என்ற இடத்தில், பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சிறுவனின் எலும்புக்கூட்டுடன் ஒரு சிறுநீர்ப்பைக் கல் கிடைத்தது. அதன் கரு யூரிக் அமிலம். மேல் அடுக்குகளில் கால்சியம் ஆக்சலேட்டும் பாஸ்பேட்டும் இருந்தன.

என்னென்ன வகைகள்?

1. கால்சியம் ஆக்சலேட்: 10 கற்களில் 7 முதல் 8 வரை இந்த வகைதான். இதிலேயே இரண்டு உண்டு. ஒரு நீர் மூலக்கூறு உள்ளது அடர் பழுப்பு நிறத்தில், கெட்டியாக இருக்கும். அதிர்வலை கொடுத்தாலும் சுலபத்தில் உடையாது. இரண்டு நீர் மூலக்கூறுகள் உள்ளது வெளிர் மஞ்சளாக, மேலே கூர் கூராக இருக்கும். ஒப்பிட்டுப் பார்த்தால் எளிதில் உடையும்.

2. கால்சியம் பாஸ்பேட்: சிறுநீரில் காரத்தன்மை கூடும்போது வருவது. பாராதைராய்டு சுரப்பியில் பிரச்சினை இருப்பவர்களுக்கும் வரலாம்.

3. யூரிக் அமிலம்: சிறுநீரில் அமிலத்தன்மை அதிகமாக இருந்தால் உருவாகும். சர்க்கரை நோய், உடல் பருமன், கவுட் உள்ளவர்களுக்கு வாய்ப்பு அதிகம். சாதாரண எக்ஸ்ரேயில் இது தெரியாது, சி.டி. ஸ்கேனில் தெரியும்.

4. ஸ்ட்ருவைட்: சிறுநீர்த் தொற்றால் வரும் கல். மெக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் சேர்ந்தது. வேகமாக வளர்ந்து, சிறுநீரகத்தின் உள்ளறைகளை மான் கொம்பு போல கிளை கிளையாக நிரப்பிவிடும். கல்லுக்குள்ளேயே கிருமி இருப்பதால், துண்டு மிச்சம் இருந்தாலும் மறுபடி வளரும்.

5. சிஸ்டைன்: பரம்பரையாக வரும் அரிய வகை. சின்ன வயதிலேயே தொடங்கி, திரும்பத் திரும்ப வரும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் படிகங்கள் அறுகோண வடிவில் இருக்கும்.

கல்லில் கால்சியம் இருக்கு... பாலை நிறுத்தணுமா?

வேண்டாம். பலரும் செய்யும் தவறு இதுதான். சாப்பாட்டில் உள்ள கால்சியம், குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றிவிடும். பால், தயிரை நிறுத்தினால் அந்த ஆக்சலேட் ரத்தத்தில் கலந்து சிறுநீருக்கு வந்துவிடும்.

கால்சியம் ஆக்சலேட் கல் அடிக்கடி வந்த 120 ஆண்களிடம் இத்தாலியில் நடந்த ஆய்வு 2002-ல் வெளியானது. கால்சியத்தைக் குறைத்தவர்களைவிட, கால்சியத்தை வழக்கமான அளவில் எடுத்துக்கொண்டு உப்பையும் இறைச்சியையும் குறைத்தவர்களுக்கு, 5 ஆண்டுகளில் கல் திரும்ப வருவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

தக்காளி விதை அப்படியே போய்க் கல்லாகிவிடும் என்பதும் உண்மையில்லை. தக்காளியில் ஆக்சலேட் குறைவுதான். பாலக்கீரை, பீட்ரூட், பாதாம் ஆகியவற்றில்தான் அதிகம்.

வாழைத்தண்டு சாறு கரைக்குமா?

மருந்தால் நன்றாகக் கரையக்கூடியது யூரிக் அமிலக் கல்தான். பொட்டாசியம் சிட்ரேட் போன்ற மருந்து கொடுத்து சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைத்தால் அது கரையும். ஆனால், சிறுநீரைக் காரமாக்கும் அதே வழி அளவு மீறினால், கால்சியம் பாஸ்பேட் கல்லுக்கு வசதியாகிவிடும். அதனால் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்த சிரப்பை நாமும் வாங்கிக் குடிப்பது ஆபத்து.

வாழைத்தண்டு சாறு குடித்தால் உடம்புக்குள் தண்ணீர் போகும், அது நல்லதுதான். ஆனால், கால்சியம் ஆக்சலேட் கல்லை அது கரைத்துவிடும் என்பதற்கு உறுதியான மருத்துவ ஆதாரம் இல்லை. 5 எம்.எம்.-க்கும் குறைவான கற்கள் பெரும்பாலும் தானாகவே வெளியேறிவிடும். சாறு குடித்த நேரத்தில் கல் வெளியேறினால், பெயர் சாறுக்குப் போய்விடுகிறது.

வெளியே வந்த கல்லை என்ன செய்யணும்?

கல் இருப்பது தெரிந்தால், சிறுநீரை ஒரு தனி வடிகட்டியிலோ மெல்லிய துணியிலோ வடிகட்டிப் பாருங்கள். மணல் அளவு துகள் கிடைத்தாலும் தண்ணீரில் அலசி, காய வைத்து, சின்ன டப்பாவில் போட்டு டாக்டரிடம் கொடுங்கள். ஆபரேஷனில் எடுத்த கல்லையும் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அகச்சிவப்புக் கதிர் பரிசோதனையில் கல் எதனால் ஆனது என்று தெரிந்துவிடும். ஒருமுறை கல் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு 10 ஆண்டுகளுக்குள் மறுபடியும் வரும் என்பதால், இந்த ரிப்போர்ட் பத்திரமாக இருக்க வேண்டியது.

எந்த வகைக் கல்லாக இருந்தாலும் பொதுவான அறிவுரை ஒன்றுதான். நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும். இதய நோய், சிறுநீரகச் செயலிழப்பு இருப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுத்தான் அளவை முடிவு செய்ய வேண்டும்.

கல் வலியோடு குளிர் காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் நின்றுபோனாலோ, வாந்தி நிற்காமல் இருந்தாலோ வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.