ஒரு வெள்ளி இரு வெள்ளியான கதை

பொருளைக் குறைந்த விலைக்கு வாங்கிக் கூடிய விலைக்கு விற்பது வாணிகத்தின் பழைய வழி. பொருளின் விலை மாறாதிருக்க, அதனை அளக்கும் நாணயத்தின் மதிப்பு மாறுவதால் ஆதாயம் அடைவது மற்றொரு வழி. முன்னதை உலகோர் அனைவரும் அறிவர். பின்னதை எல்லையோர நகரங்களில் வாழ்வோர் நன்கறிவர். மலேசிய, சிங்கப்பூர் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

சிங்கப்பூரில் ராபிள்ஸ் பிளேசுக்கும் கோலியர் கீக்கும் இடையே சேஞ்ச் ஆலி என்னும் குறுகிய சந்து ஒன்று இருந்தது. பொம்மைகளும் கைக்கடிகாரங்களும் பைகளும் துணிமணிகளும் அங்கே குவிந்து கிடந்தன. அதே சந்தில் நாணயம் மாற்றுவோரும் தொழில் நடத்தினர். அவர்களுள் தமிழ் முஸ்லிம்கள் பலர். கப்பலிலிருந்து இறங்கிய மாலுமிக்குப் பொம்மையின் விலை இருமுறை முடிவாயிற்று: கடைக்காரரிடம் பேரம் பேசியபோது ஒருமுறை, நாணயம் மாற்றுவோரிடம் தன் நாட்டுப் பணத்தை நீட்டியபோது மற்றொருமுறை. அச்சந்து 1989ஆம் ஆண்டில் மூடப்பட்டது.

ஆயினும், ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே இத்தகைய கணக்கு நெடுங்காலம் தேவைப்படவில்லை. 1906ஆம் ஆண்டில் நீரிணைக் குடியேற்ற வெள்ளியின் மதிப்பு 2 ஷில்லிங் 4 பென்ஸ் என வரையறுக்கப்பட்டது; அதாவது 60 வெள்ளிக்கு 7 பவுன். ஜப்பானியர் ஆட்சிக்காலம் நீங்கலாக, வெள்ளியின் பெயர் மாறியபோதும் இவ்விகிதம் மாறவில்லை. 1924ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஜொகூர்ப் பாலத்தைக் கடந்த பொருளுக்குச் சுங்கவரியில் வேறுபாடு இருந்திருக்கலாம். நாணயத்தில் வேறுபாடு இல்லை. இரு கரைகளையும் ஒரே வெள்ளியே அளந்தது.

1965ஆம் ஆண்டில் சிங்கப்பூர் பிரிந்தது. 1967 ஜூன் 12ஆம் நாள் மலேசியா, சிங்கப்பூர், புருணை ஆகிய மூன்றும் தத்தம் நாணயங்களை வெளியிட்டன. அவை ஒன்றுக்கொன்று சமமாக மாற்றத்தக்கவையாக இருந்தன. பழைய நோட்டுகளும் மக்களிடையே புழங்கின. அவ்வாண்டு நவம்பர் 18ஆம் நாள் பிரிட்டன் தன் பவுனின் மதிப்பை 2.80 அமெரிக்க டாலரிலிருந்து 2.40ஆகக் குறைத்தது. புதிய வெள்ளி தன் மதிப்பைக் காத்துக்கொண்டது. பவுனோடு பிணைக்கப்பட்டிருந்த பழைய வெள்ளியோ 85 காசாகத் தாழ்ந்தது. ஒரே பணப்பையில் இருந்த இரு தாள்கள் ஒரே இரவில் இரு மதிப்புடையவை ஆயின.

இதனால் ஆதாயம் அடைந்தோர் யாவர்? இங்கிலாந்திலிருந்து 100 பவுனுக்குப் பொம்மைகளைக் கடனாகத் தருவித்த வணிகர் ஒருவரை எண்ணிப் பார்க்க. முன்பு அவர் ஏறத்தாழ 857 வெள்ளி செலுத்த வேண்டியிருந்தது. புதிய வெள்ளியில் செலுத்தினால் இப்போது 735 வெள்ளியே போதும். ஒரு பொம்மையேனும் விற்கப்படுமுன்னரே 122 வெள்ளி மிச்சம். அதே வேளையில், பழைய நோட்டுகளாகவே வீட்டுப் பெட்டியில் 100 வெள்ளி சேமித்து வைத்திருந்த தொழிலாளி, குற்றம் ஏதும் செய்யாமலே 15 வெள்ளியை இழந்தார். இதனை எதிர்த்து நவம்பர் 24ஆம் நாள் பினாங்கில் நடந்த கடையடைப்பு கலவரமாக மாறிற்று, உயிர்கள் பலியாயின. நாணய மாற்றம் என்பது ஏட்டுக்கணக்கு மட்டுமன்று என்பதை அந்நாள் உணர்த்திற்று.

1973 மே 8ஆம் நாள் மலேசிய வெள்ளியும் சிங்கப்பூர் வெள்ளியும் சமமாக மாறும் ஏற்பாடு முடிவுக்கு வந்தது. அன்றுமுதல் அவை தனித்தனி வழியில் நடந்தன. 1997ஆம் ஆண்டின் ஆசிய நிதி நெருக்கடிக்குப்பின், 1998 செப்டம்பர் 2ஆம் நாள் மலேசியா தன் ரிங்கிட்டை ஓர் அமெரிக்க டாலருக்கு 3.80 என நிலைநிறுத்தியது. 2005 ஜூலை 21ஆம் நாள் அதனைத் தளர்த்தியது. 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு 3.50 ரிங்கிட்டுக்கு மேல் கிடைத்தது.

அவ்விகிதத்தில் ஜொகூர் பாருவில் 105 ரிங்கிட் விலையுள்ள பொம்மை, சிங்கப்பூர்க் கணக்கில் 30 வெள்ளியாகும். சிங்கப்பூரில் அது 40 வெள்ளிக்கு விற்குமாயின் 10 வெள்ளி மிஞ்சும். நாணயம் மாற்றுவோரின் பங்கும் வழிச்செலவும் வரியும் அதில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும். எஞ்சுவதும் நிலையானதன்று. அப்பொம்மை வெளிநாட்டிலிருந்து வந்ததாயின், அடுத்த சரக்கை வாங்கும் ஜொகூர்க் கடைக்காரர் கூடுதல் ரிங்கிட் செலுத்த நேரிடும். அவரும் விலையை உயர்த்துவார். எனவே, மறுவிற்பனையாளர் பெறும் ஆதாயம் நாணய விகிதத்தால் மட்டும் விளைவதன்று. விகிதம் விரைந்து மாற, கடையின் விலைச்சீட்டு மெல்ல மாறுவதால் விளைவது. அந்த இடைவெளி மூடப்படும்வரை பழைய விலைக்கு விற்றவர், தம் சரக்கை மீண்டும் வாங்கும்போது அதன் சுமையைத் தாங்குகிறார்.

தெரிந்தே விலை கூறி விற்கும் கடைக்காரரின் நிலை வேறு. விகிதம் என்னும் சொல்லையே கேட்டறியாத சேமிப்பாளரின் நிலை வேறு. முன்னவர் அடுத்த நாளே விலையைத் திருத்தலாம். பின்னவருக்கு அவ்வாய்ப்பும் இல்லை. தமிழில் நாணயம் என்னும் சொல் காசையும் நேர்மையையும் ஒருங்கே குறிக்கும். காசின் மதிப்பை மாற்றும் அதிகாரம் பெற்ற எந்த அரசும் அதன் மற்றொரு பொருளையும் காக்கக் கடமைப்பட்டது என்பதே 1967ஆம் ஆண்டு விட்டுச்சென்ற பாடமாகும்.