சணல் வயலில் நடந்தவர்களும் வரிசையில் நின்ற மாணவரும்

"உன் துறையோட வரலாற்றை எல்லாருக்கும் புரியுற மாதிரி எழுதிக் கொடுப்பா" என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டார்கள். சரக்கு வண்டிகளுக்குப் பாதை வகுக்கும் மென்பொருள் எழுதுவது என் பிழைப்பு. அதன் அடியில் கிடக்கும் கணக்கு 'டிராவலிங் சேல்ஸ்மேன் ப்ராப்ளம்'. கம்ப்யூட்டர் சயின்ஸ் நண்பர்களுக்கு அது ஒரு 16 மார்க் கேள்வியாக நினைவிருக்கும். சிவில், மெக்கானிக்கல் நண்பர்களுக்காக ஒரு வரி: பல ஊர்களுக்கும் ஒரே ஒரு தடவை போய், புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும், மொத்த தூரம் மிகக் குறைவாக இருக்க வேண்டும், எந்த வரிசையில் போவது?

1832-இல் ஜெர்மனியில் வெளிவந்த வணிகப் பயணிகளுக்கான கையேட்டிலேயே இந்தக் கவலை இருக்கிறது. 1930-இல் வியன்னாவில் கார்ல் மெங்கர் அதைக் கணிதக் கேள்வியாக முன்வைத்தார். 1954-இல் டான்ட்சிக், ஃபுல்கர்சன், ஜான்சன் மூவரும் அமெரிக்காவின் 49 நகரங்களுக்கு ஒரு சுற்றுப்பாதை கண்டு, அதைவிடக் குறுகியது இல்லை என்றும் நிரூபித்தார்கள். 1962-இல் ப்ராக்டர் அண்ட் கேம்பிள் சோப்புக் கம்பெனி, 33 ஊர்கள் கொண்ட வரைபடத்தை அச்சிட்டு, குறுகிய பாதை சொல்பவருக்கு 10,000 டாலர் என்று போட்டியே நடத்தியது. பலர் ஒரே விடையைக் கண்டுபிடித்தார்கள். பரிசு வென்றவர்களில் ஒருவர் ஜெரால்டு தாம்சன், இதே கணக்கை ஆராய்ந்த பேராசிரியர்! பாடம் எடுப்பவரே பரீட்சை எழுதியது போலத்தான்.

இந்த வரலாற்றில் நம் நாட்டுப் பங்கை நான் கல்லூரியில் படித்தபோது யாரும் சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை 1931-இல் தொடங்கிய மகலனோபிஸ், 1937 முதல் வங்காளத்தில் சணல் சாகுபடிப் பரப்பை மாதிரி எடுத்து அளக்கும் வேலையில் இறங்கினார். எல்லா வயலையும் அளக்கக் காசும் கிடையாது, ஆளும் கிடையாது. சில இடங்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, அங்கே மட்டும் ஆளை அனுப்ப வேண்டும். எத்தனை இடம்? இடம் கூடினால் கணிப்பு துல்லியமாகும். ஆனால் நடை கூடும், செலவும் கூடும்.

எவ்வளவு நடை கூடும் என்று அவர் கணக்குப் போட்டு 1940-இல் வெளியிட்டார். சுற்றிவரும் தூரம், இடங்களின் எண்ணிக்கையை ஒட்டி வளர்வதில்லை. அதன் வர்க்கமூலத்தை ஒட்டித்தான் வளர்கிறது. ஒரு பேச்சுக்கு, குளத்தூர் வட்டத்தில் குலுக்கலில் வந்த 25 கண்மாய்களைச் சுற்றிப் பார்க்க 80 கிலோமீட்டர் என்று வையுங்கள். 100 கண்மாய் என்றால் 320 ஆகாது, ஏறக்குறைய 160 தான். இதற்கு முறையான நிரூபணம் 1959-இல் பியர்ட்வுட், ஹால்டன், ஹாமர்ஸ்லி என்ற மூவரிடமிருந்து வந்தது. அதற்குப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பே வங்காளத்து வரப்புகளில் அந்தக் கணக்குக்கு வேலை இருந்திருக்கிறது.

இனி தீம் பார்க்குக்கு வருவோம். தாம்பரம் பக்கம் 1995-இல் திறந்த கிஷ்கிந்தாவுக்குப் பள்ளிச் சுற்றுலா போனவர்களுக்குத் தெரியும்: அங்கே நடக்கிற நேரம் கொஞ்சம், நிற்கிற நேரம்தான் அதிகம். ஃபுளோரிடாவில் 1971-இல் திறந்த டிஸ்னி வேர்ல்டில் இது இன்னும் பெரிய தொல்லை. லென் டெஸ்டா என்ற மாணவர், வட கரோலினா ஏ அண்ட் டி மாநிலப் பல்கலைக்கழகத்தில் இந்த வரிசைத் தொல்லையையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டார். ஆல்பர்ட் எஸ்டர்லைன், ஜெரி டோசியர் இருவருடன் சேர்ந்து 1999-இல் கட்டுரையும் வெளியிட்டார்.

பழைய கணக்குக்கும் இதற்கும் ஒரு முக்கியமான வித்தியாசம். திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் உள்ள தூரம் காலையிலும் மாலையிலும் ஒன்றுதான். ஆனால் ஒரு ராட்டினத்தின் வரிசை ஒன்பது மணிக்குப் பத்து நிமிஷம், பதினொரு மணிக்கு ஒன்றரை மணி நேரம் என்று மாறும். ஆகவே பக்கத்தில் இருப்பதை முதலில் பார்ப்பது புத்திசாலித்தனம் ஆகாது. ஊர்க்கணக்கில் ஒரு சுற்றைத் தலைகீழாகப் போனாலும் அதே தூரம். விடைகளைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். இங்கே அந்தச் சலுகையும் இல்லை. 10 ராட்டினத்துக்கு 36,28,800 வரிசைகள். 20 என்றால், விநாடிக்கு ஒரு கோடி வரிசை பார்க்கும் கம்ப்யூட்டருக்கே 7,700 ஆண்டு பிடிக்கும்!

எனவே அவர் ஜெனடிக் அல்காரிதத்தை நாடினார். சில வரிசைகளை உத்தேசமாக எழுதிக்கொண்டு, நல்லவற்றை ஜோடி சேர்த்து, பிறப்பதில் நல்லதைத் தேர்ந்து வளர்ப்பது அந்த முறை. ஒரு சிக்கல் உண்டு. ஒரு வரிசையின் முன்பாதியையும் இன்னொன்றின் பின்பாதியையும் அப்படியே ஒட்டினால் ஒரே ராட்டினம் இரண்டு தடவை வரும், இன்னொன்று விட்டே போகும். அப்படி ஆகாமல் ஒட்டும் முறைகளில் எது மேல் என்று ஒப்பிட்டு 2000-இல் இன்னொரு கட்டுரை வந்தது. டெஸ்டா பிறகு டூரிங் பிளான்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். பாப் செலிங்கரின் டிஸ்னி வழிகாட்டி நூலுக்கு இணை ஆசிரியரும் ஆனார். பூங்காவுக்கு ஆள் அனுப்பி, காத்திருக்கும் நேரத்தை மணிக்கு மணி குறித்து வரச் செய்தார்கள். என்னைக் கேட்டால், அல்காரிதத்தைவிட அந்த நோட்டுப் புத்தக வேலைதான் பெரிசு.

இதை இங்கே எழுதக் காரணம், இன்று படிக்கும் தம்பி தங்கைகள்தான். கடைசி வருஷ ப்ராஜெக்ட்டை ரெக்கார்டோடு சேர்த்து விலைக்கு வாங்குகிற பழக்கம் எங்கள் காலத்திலேயே பல கல்லூரிகளில் இருந்தது. வாங்கி வந்ததில் உள்ள ஊர்ப் பெயர்கள்கூட மாறாமல் வைவாவுக்கு வரும்! நம்மைச் சுற்றியே கேள்வி கிடக்கிறது. நார்த்தாமலை முத்துமாரியம்மன் பங்குனித் திருவிழாவுக்குப் போகும் பஸ்கள், கிராமம் கிராமமாகப் பால் எடுக்கும் வண்டி, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கீரனூர் போகும் பள்ளி வேன் எல்லாமே நேரத்தைப் பொறுத்து மாறும் கணக்குகள். வேன் பாதையை எடுத்துக்கொண்டால், எந்த நிறுத்தத்தில் எத்தனை மணிக்கு எத்தனை நிமிஷம் நிற்கிறது என்று இரண்டு வாரம் குறித்தால் போதும், ப்ரோக்ராம் எழுதத் தொடங்கிவிடலாம்.

அப்படி ஒரு குழு கிளம்பினால் சனி, ஞாயிறுகளில் உட்கார்ந்து உதவ நான் தயார். மலரின் முகவரிப் பகுதியில் என் எண் இருக்கிறது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் கூப்பிடுங்கள்.