தோரோ நீர்த்தேக்கத்துக்குத் தூண்டிலோடு போகுமுன்

மே மாதம் பிறந்தால் மொன்றியலில் எம்மவரின் வட்ஸ்அப் குழுக்களில் தவறாமல் ஒரு கேள்வி வரும்: "இந்தமுறை எங்க மீன்பிடிக்கப் போறம்?" பத்துப் பேர் கையுயர்த்துவார்கள். ஆனி மாதம் வந்ததும் ஆறு பேர் மிஞ்சுவார்கள். அதில் இரண்டு பேருக்குத்தான் ரென்ற் அடிக்கத் தெரிந்திருக்கும். நண்பர் குடும்பங்களாகச் சேர்ந்து சில ஆண்டுகளாக நாம் போய்வரும் இடம் தோரோ. புதிதாகப் போக விரும்புவோர் எம்மிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள் என்பதால், பதில்களை இங்கே ஓரிடத்தில் எழுதிவைக்கிறோம்.

இடம் மொன்றியலுக்கு வடக்கே, லானோடியேர் பிரதேசத்தில் உள்ளது. ஜோலியெற் வரை நெடுஞ்சாலை, அங்கிருந்து 131ஆம் வீதி நேரே வடக்கே ஏறிச் சென்-மிஷேல்-டே-சென் என்ற சிற்றூருக்குக் கொண்டுபோய் விடும். நிதானமாக ஓடினால் இரண்டரை மணித்தியாலம். பெற்றோல், ஐஸ், பாண், மண்புழு எல்லாவற்றையும் அந்த ஊரிலேயே வாங்கி முடித்துவிட வேண்டும். அதற்கப்பால் காட்டுப் பாதை மனவான் என்ற அத்திக்கமெக் முதற்குடிகளின் ஊரை நோக்கிப் போகிறது. வழியில் கடையை எதிர்பார்க்கக் கூடாது. கைத்தொலைபேசி அலையையும் நம்ப முடியாது.

பெயர்ப்பலகைகளில் 'லாக் தோரோ', அதாவது தோரோ ஏரி, என்றுதான் எழுதியிருக்கும். ஆனால் இது இயற்கையான ஏரி அல்ல. சென்-மொரிஸ் ஆற்றிலுள்ள மின்நிலையங்களுக்கு ஆண்டு முழுவதும் சீராக நீர் கிடைக்க வேண்டும் என்பதற்காக, அந்த ஆற்றில் வந்து விழும் மத்தாவின் ஆற்றை மறித்து ஷாவினிகன் மின் கம்பனி கட்டிய அணையால் உண்டானது. 1931இல் நீர் நிறைந்தபோது சென்-இன்யாஸ்-டு-லாக் என்ற கிராமம் முழுதாக அடியில் போனது. அங்கிருந்த பிரெஞ்சுக் குடியானவர்கள் வீடு வாசலை விட்டு எழும்ப வேண்டியதாயிற்று. 1963இல் கம்பனியை அரசு வாங்கியபின் அணை ஹைட்ரோ கியூபெக்கின் கைக்கு வந்தது. இன்னும் வடமேற்கே உள்ள குவென் நீர்த்தேக்கத்தின் கதை இதைவிடக் கசப்பானது. 1918இல் அங்கே நீர் ஏறியபோது ஒபிச்சுவான் என்ற அத்திக்கமெக் ஊர் மூழ்கியது. மலையகத்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. மவுசாகலை நீர்த்தேக்கத்தின் நீர் இறங்கும் காலத்தில் பழைய மஸ்கெலியாவின் கோயில் தலைகாட்டுவதைப் பார்த்தவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள்.

விடுமுறைக்குப் போகிறவனுக்கு இந்த வரலாறு எதற்கு என்று கேட்கலாம். படகில் ஏறியதும் விளங்கும். உங்கள் படகின் கீழே இருப்பது வெட்டியும் வெட்டாமலும் விட்ட காடு. அடிக்கட்டைகள் இன்றும் அங்கேயே நிற்கின்றன. நீர்மட்டம் மழையைப் பார்த்து மட்டும் ஏறி இறங்குவதில்லை, மின் தேவையையும் பார்க்கிறது. மாரியில் மாகாணம் முழுவதும் வீடு சூடாக்கும்போது நீரைத் திறந்து வெறுமையாக்குவார்கள். வசந்தத்தில் பனி உருகி மறுபடி நிரம்பும். கோடையில் மட்டம் ஓரளவு நிலையாக நிற்கும், இலையுதிர்காலத்தில் இறங்கத் தொடங்கும். இரணைமடுவின் வான்கதவு திறந்தால் கீழே என்ன நடக்கும் என்று கிளிநொச்சிக்காரருக்குத் தெரியும். 2018 மார்கழி வெள்ளத்தை யாரும் மறக்கவில்லை. இங்கே அப்படி ஊருக்குள் வெள்ளம் வரும் என்பதல்ல நாம் சொல்வது. நீரின் திறப்பு வேறொருவர் கையில் இருக்கிறது என்பதை நினைவில் வைத்தால் பல முடிவுகளை எடுப்பது இலகு.

முதலாவது, போன வருடம் ஆழமாக இருந்த இடம் இந்த வருடமும் ஆழமாக இருக்கும் என்று படகை முடுக்கக் கூடாது. ஆனியில் மூழ்கியிருந்த கட்டை புரட்டாதியில் புரொப்பெல்லரைப் பிடிக்கும். கரையோரமாகப் போகும்போது வேகத்தைக் குறைத்து, ஒருவரை முன்னணியத்தில் இருத்திப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாவது, ரென்ற் அடிக்கும் இடம். மணற்கரை நீண்டு கிடப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் நீரோரமாகவே அடிக்கச் சொல்வார்கள். மிதந்து வந்த மரத்துண்டுகள் கோடு போட்டாற்போல ஒதுங்கிக் கிடக்கும் இடம் ஒன்று இருக்கும், நீர் அதுவரை வந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கோட்டுக்கு மேலே போங்கள். படகையும் இரவில் நன்றாக மேலே இழுத்து மரத்தில் கட்டுங்கள், காலையில் படகு இல்லாவிட்டால் தீவிலிருந்து நடந்து வர முடியாது.

ஆம், தீவுகளிலும் முகாமிடலாம். தோரோ பிரதேசப் பூங்காவில் படகால் மட்டும் போகக்கூடிய முகாமிடங்களும் இருக்கின்றன. முன்கூட்டியே பதிவுசெய்ய வேண்டும். ஆனி 24 நீள்வார இறுதியையும், ஆடிக் கடைசியில் வரும் கட்டுமானத் தொழிலாளர் விடுமுறை இரண்டு கிழமைகளையும் குளிர்காலத்திலேயே பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் மறந்துவிடுங்கள். சிறு பிள்ளைகளோடு முதல்முறை போகும் குடும்பங்களுக்குத் தீவு வேண்டாம், காரில் போய் இறங்கும் இடமே போதும் என்பது எமது கருத்து. வைகாசிக் கடைசி தொட்டு ஆனி முழுவதும் கறுப்பு ஈ கடிக்கும், நுளம்பு அதற்குப் பிறகும் விடாது. ஆவணி இரண்டாம் பாதிதான் எமக்குப் பிடித்த காலம்.

இனி, ஆளைக் கொல்லும் விஷயத்துக்கு வருவோம். எம்மவரில் பலருக்கு நீந்தத் தெரியும் என்ற எண்ணம் உண்டு. கிணற்றிலும் கேணியிலும் கடலிலும் பழகிய நீச்சல் அது, சூடான நீரில் பழகியது. வைகாசியில் இந்த நீர் ஐஸ் உருகிச் சில வாரங்களே ஆனது. மனிதோபா பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ற் குளிர்நீரில் மனித உடலுக்கு நடப்பதை ஆராய்ந்து 1-10-1 என்று சுருக்கிச் சொன்னார். விழுந்த முதல் 1 நிமிடம் மூச்சு இறைத்து நீரை உள்ளிழுக்கும் ஆபத்து. அடுத்த 10 நிமிடம் வரைதான் கைகால் சொல்வழி கேட்கும். உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணித்தியாலம் எடுக்கும். அந்த ஒரு மணித்தியாலம் மிதவைச் சட்டை போட்டவருக்குத்தான் கிடைக்கும். போடாத நல்ல நீச்சல்காரர் பத்து நிமிடத்துக்குள் முடிந்துபோவார். படகில் ஆளுக்கொரு சட்டை இருக்க வேண்டும் என்பது சட்டம், அதை உடலில் போட்டிருக்க வேண்டும் என்பது எமது குழுவின் விதி. "நான் கடற்கரை ஊர்க்காரன்" என்று மறுப்பவரைக் கரையில் விட்டுவிட்டுப் போவோம். அப்படி ஒருமுறை விட்டும் இருக்கிறோம், அண்ணர் இரண்டு நாள் பேசவில்லை, அதனால் என்ன.

நீர்ப்பரப்பு 95 சதுர கிலோமீற்றர் அளவு. திறந்த வெளியில் பிற்பகல் காற்று எழும்பினால் சிறிய அலுமினியப் படகு தாங்காது. அக்கரைக்குப் போவதென்றால் காலையில் போய், காற்று எழும்பினால் ஒதுங்கியிருந்து, மாலை அடங்கியதும் திரும்புங்கள். மோட்டர் படகு ஓட்டக் கனடாவில் படகோட்டி அட்டை வேண்டும். வாடகைப் படகென்றால், கொடுப்பவர் விளக்கி ஒப்பமிடும் பாதுகாப்புப் பட்டியல் அந்த நாட்களுக்கு அட்டைக்குப் பதிலாகும். காரில் குடித்துவிட்டு ஓடுவதற்குள்ள அதே குற்றவியல் சட்டம் படகுக்கும் உண்டு. எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று மொன்றியலில் வீட்டில் இருக்கும் ஒருவரிடம் எழுத்தில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

குளிர்கிறது என்று கரி அடுப்பை ரென்றுக்குள் கொண்டுபோக வேண்டாம். நெருப்பு அணைந்ததுபோல இருந்தாலும் கரி மணமில்லாத நச்சுவாயுவை விட்டுக்கொண்டே இருக்கும், தூங்குகிறவர் எழும்பமாட்டார். வெளியே நெருப்பு மூட்டலாமா என்பதையும் புறப்படும் நாளில் பாருங்கள். 2023 ஆனியில் மாகாணம் எரிந்தபோது காடுகளில் திறந்த நெருப்பு முழுதாகத் தடைசெய்யப்பட்டது. சமையலுக்குச் சிறிய காஸ் அடுப்பொன்று எப்போதும் கூட வரட்டும். கறி மணம் கரடிக்கும் பிடிக்கும், ஆகவே மிச்சச் சாப்பாடும் குளிர்ப்பெட்டியும் இரவில் காருக்குள்.

மீன்பிடி அனுமதிப்பத்திரம் பற்றி நிறையக் குழப்பம் இருக்கிறது. கியூபெக்வாசி ஒருவர் எடுத்த பத்திரத்தில் அவரது துணைவரும் 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளும் மீன்பிடிக்கலாம். மாணவர் அட்டையோடு 18 முதல் 24 வரையான பிள்ளைகளும் அதில் அடங்குவர். ஆனால் எல்லாரும் பிடித்து வைத்திருக்கும் மீன் பத்திரக்காரர் ஒருவரின் அளவுக்குள் நிற்க வேண்டும். நாலு பேர், ஆகவே நாலு மடங்கு என்பது தவறு. ரொறன்ரோவிலிருந்து வரும் மச்சானுக்கு இது பொருந்தாது, அவர் வெளியார் பத்திரம் எடுக்க வேண்டும், விலையும் கூட. அண்மையில் இங்கே குடிவந்தவர்களும் கவனியுங்கள்: முந்திய ஓராண்டில் 183 நாளாவது கியூபெக்கில் வாழ்ந்தவரே வாசியாகக் கணக்கிடப்படுவார். ஆனி முதற்பகுதியில் வரும் மீன்பிடித் திருநாள் வார இறுதியில் பத்திரமின்றியே பிடிக்கலாம், பிள்ளைகளுக்குப் பழக்க நல்ல தருணம்.

மாகாணம் மீன்பிடி வலயங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பருவம், எண்ணிக்கை, நீளம் எல்லாம் வலயத்துக்கு வலயம் வேறு, சில நீர்நிலைகளுக்குத் தனி விதியும் உண்டு. அரசின் இணையத்தளத்தில் அந்த நீர்நிலையின் பெயரைப் போட்டு, போகும் கிழமையில் பாருங்கள். எம்மவர் விரும்பும் டோரே மீனை, ஒன்ராரியோக்காரர் வோல்ஐ என்பதை, தெற்கிலுள்ள பல வலயங்களில் 32 முதல் 47 சென்ரிமீற்றர் வரை நீளமிருந்தால்தான் வைத்திருக்கலாம். சின்னதும் பெரியதும் திரும்ப நீருக்குள். இதனால் அளவுகோலும் தூண்டில்பெட்டியில் இருக்க வேண்டும். மீனைத் தோலுரித்துத் துண்டுபோட்டுக் கொண்டுவரவும் கூடாது, அதிகாரி மறித்தால் இனமும் நீளமும் தெரிய வேண்டும். உயிர்மீனை இரையாகப் போடுவது 2017 சித்திரை முதல் தடை. மண்புழு போதும், டோரேக்கு அதுவே பிடிக்கும்.

பிடித்ததைச் சாப்பிடுவதில் கவனிக்க வேண்டியது பாதரசம். நிலத்திலும் செடிகொடியிலும் சிறிதளவு பாதரசம் எப்போதும் உண்டு. காட்டை நீரில் மூழ்கடிக்கும்போது, அழுகும் தாவரங்களில் வளரும் பற்றீரியாக்கள் அதை மெதைல் பாதரசமாக மாற்றுகின்றன. பூச்சி, சிறுமீன், பெருமீன் என்று ஏற ஏற அது செறிவாகும். யேம்ஸ் குடாவில் லா கிராண்ட் நீர்த்தேக்கங்கள் 1978 முதல் நிரம்பத் தொடங்கியபின் பைக், டோரே மீன்களில் பாதரசம் பல மடங்கு கூடியது. ஆற்று மீனையே நம்பி வாழ்ந்த கிரீ மக்களைப் பாதித்ததால் 1986இல் தனி ஒப்பந்தமே செய்ய வேண்டி வந்தது. பழைய அளவுக்கு இறங்க இருபது, முப்பது ஆண்டுகள் எடுக்கும். தோரோ தொண்ணூறு ஆண்டைத் தாண்டிவிட்டதால் அந்தக் காலம் கழிந்துவிட்டது. ஆனாலும் பிற மீனைத் தின்னும் பெரிய கிழட்டு மீனில் எந்த ஏரியிலும் பாதரசம் கூடுதலாகவே இருக்கும். இது தசையில் இருப்பதால் கொழுப்பை வெட்டினாலும் புளிபோட்டுக் காய்ச்சினாலும் போகாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சிறுவரும் பைக், டோரே ஆகியவற்றைக் குறைக்க வேண்டும். எந்த நீர்நிலையின் எந்த மீனை மாதம் எத்தனை தரம் உண்ணலாம் என்று அரசின் வழிகாட்டி நீளவாரியாகச் சொல்கிறது. "பெரிய மீன் பிள்ளைத்தாச்சிக்கு" என்ற எமது வழக்கத்தை இங்கே தலைகீழாக்க வேண்டும்.

சுவை பற்றிக் கேட்டால், டோரே பொரியலுக்கு அரசன், தேசிக்காயும் மிளகாய்த்தூளும் போதும். பைக் முள்ளுக் காடு, அவித்து உதிர்த்துக் கட்லட் போடுங்கள்.

கடைசியாகப் பணம். கணக்கெழுதுவதே தொழில் என்பதால் எமக்கு இதில் சற்றுப் பிடிவாதம் உண்டு. நண்பர்கள் முறுகுவது மீனால் அல்ல, படகு வாடகையால். செலவை மூன்றாகப் பிரியுங்கள். முகாமிடம், படகு, விறகு, காஸ் ஆகியவை ஆள் கூடினாலும் குறைந்தாலும் மாறாதவை, அவற்றைக் குடும்பத்துக்குச் சமமாகப் போடுங்கள். சாப்பாடு தலைக்கணக்கு, பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளை அரைத்தலை. அனுமதிப்பத்திரம், இரை, குடிவகை அவரவர் பொக்கற். முதலாவது தொகையைப் பதிவுசெய்யும் நாளிலேயே வாங்கிவிட வேண்டும். பிறகு வராமல் நிற்பவர் மாற்றுக் குடும்பம் ஒன்றைக் கொண்டுவந்தால் காசு திரும்பும், இல்லையேல் இல்லை. இதை முதலிலேயே குழுவில் எழுதிவிட்டால் பின்னர் யாருக்கும் மனக்கசப்பு வராது. விறகை மொன்றியலிலிருந்து ஏற்ற வேண்டாம், சாம்பல்மரத்தைக் கொல்லும் வண்டு அதில் பயணம் செய்யும், அங்கேயே வாங்குங்கள்.

பற்றுச்சீட்டுகளை ஒருவரே வைத்திருக்கட்டும். திரும்பும் வழியில் ஜோலியெற்றில் தேநீருக்கு நிற்கும்போது கூட்டிக் கழித்து, மிச்சத்தை அவரவர் கையில் கொடுத்துவிட்டுக் காரில் ஏறுங்கள்.