ஐடி3 குறிப்பும் தமிழ்ப் பாடல் தலைப்பும்

எம்பி3 கோப்பில் பாடலின் பெயர், பாடியவர் முதலிய விவரங்களைச் சேர்க்க 1996-இல் எரிக் கெம்ப் உருவாக்கிய முறை ஐடி3. கோப்பின் கடைசி 128 பைட்டுகளே அதற்கு இடம்; அதில் தலைப்புக்கு 30. ஆங்கிலத்தில் 30 எழுத்து எழுதலாம். யூ.டி.எஃப்-8 முறையிலோ தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டு. மெய்யின் புள்ளிக்கும் தனியே 3. ‘அம்பத்தூர்’ என்று எழுதினாலே 30-உம் தீர்ந்துவிடும். ‘திருவேற்காடு’ 36, அடங்காது.

1998-இல் வந்த இரண்டாம் பதிப்பு குறிப்பைக் கோப்பின் தொடக்கத்துக்கு மாற்றி, ஒருங்குறிக்கும் இடமளித்தது. 2011-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 2.3.3 முதல், மீடியாமெட்டாடேட்டாரிட்ரீவர் என்னும் வகுப்பைக் கொண்டு செயலிகள் இவ்விவரங்களைப் படிக்கின்றன. ஆனால் டிஸ்கி போன்ற பழைய குறியாக்கத்தில் எழுதிய தலைப்பைச் செயலி பெரும்பாலும் லத்தீன் எழுத்தென்றே கொள்ளும். பாட்டு பிழையின்றி ஒலிக்கும். பெயர் மட்டும் பொருளற்ற குறிகளாகத் தெரியும். குறியாக்கத்தை மாற்றி எழுதினால்தான் தலைப்பு மீளும்.