ஊர் கேட்ட போலீஸ் வானொலி

அமெரிக்க நகரங்கள் பலவும் தங்கள் போலீஸ் வானொலியை வெளியார் கேட்க முடியாதபடி மறையாக்கம் செய்து வருகின்றன. போலீஸ் அலைவரிசைகளைப் பிடிக்கும் ஸ்கேனர் பெட்டி வைத்திருந்தவர்கள் இத்தனை காலம் ஒட்டுக்கேட்டார்கள், இப்போதுதான் கதவைச் சாத்துகிறோம் என்பது இதை ஆதரிப்பவர்களின் வாதம். அந்த வீட்டுக்குக் கதவே இருந்ததில்லை என்கிறது வரலாறு. டெட்ராய்ட் போலீஸ் 1920களில் கே.ஓ.பி. என்ற அழைப்புக்குறியோடு ஒலிபரப்பியபோது, அரசு அதையும் மற்ற வானொலி நிலையங்களோடு சேர்த்தே எண்ணியது. களவுபோன கார்களைப் பற்றிய அறிவிப்புகளுக்கு நடுவே பாட்டும் கேளிக்கையும் போட்டாக வேண்டும் என்று நிபந்தனை வேறு. 1928 ஏப்ரல் 7 அன்று அதே நகரில் ரோந்து கார்களுக்கான ஒலிபரப்பு முறையாகத் தொடங்கிய பிறகும் அது ஒருவழிதான்: கார் கேட்கலாம், பதில் பேச முடியாது. அந்த அலைவரிசைகளோ வீட்டு வானொலிப் பெட்டியில் மீடியம் வேவ் முடியும் இடத்துக்குச் சற்று மேலே இருந்தன. 1930களில் விற்ற பெட்டிகள் பலவற்றின் முகப்பிலேயே ‘போலீஸ்’ என்று அச்சிட்டிருந்தார்கள். உரிமம் இல்லாமல் வானொலிக் கருவி வைத்திருப்பதையே 1933ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றால் குற்றமாக்கிய இந்தியாவிலிருந்து பார்ப்பவருக்கு இது வேடிக்கையாக இருக்கும்.

திருடனும் கேட்பானே என்ற கவலை அன்றே இருந்தது. அதற்கு அவர்கள் கண்ட வழிதான் கவனிக்க வேண்டியது. கேட்பதைத் தடுக்காமல், காரில் வைத்துக் கேட்பதைச் சில மாநிலங்கள் தடுத்தன. வீட்டில் உட்கார்ந்து கேட்பவர் குடிமகன், ஓடும் காரில் கேட்பவர் சந்தேகத்துக்குரியவர் என்ற இந்தக் கணக்கு கொஞ்சம் முரட்டுத்தனமானது என்றாலும் அதில் விவரம் இருக்கிறது. வீஜீ என்ற பெயரில் புகழ்பெற்ற பத்திரிகைப் புகைப்படக்காரர் ஆர்தர் ஃபெலிக், தன் காரில் போலீஸ் வானொலி பொருத்திக்கொள்ள 1938இல் நியூயார்க்கில் அனுமதி பெற்றார். சம்பவ இடத்துக்கு அவர் அவ்வளவு சீக்கிரம் போய் நின்றதற்கு அந்தப் பெட்டியும் ஒரு காரணம். நியூயார்க் மாநிலத்தில் காரில் ஸ்கேனர் வைப்பதற்கு இன்றும் கட்டுப்பாடு உண்டு.

இருவழிப் பேச்சும் எஃப்.எம். முறையும் வந்து, போலீஸ் வானொலி மேல் அலைவரிசைகளுக்கு ஏறியதும் வீட்டுப் பெட்டியால் அதை எட்ட முடியவில்லை. அந்த இடத்துக்கு வந்தது ஸ்கேனர். தொடக்ககால ஸ்கேனரில் ஒவ்வொரு அலைவரிசைக்கும் ஒரு கிரிஸ்டல் வாங்கிச் செருக வேண்டும். உள்ளூர் போலீசுக்கு ஒன்று, தீயணைப்புக்கு ஒன்று, ஆம்புலன்சுக்கு ஒன்று என்று வாங்கிச் செருகிவிட்டால், பெட்டி ஒவ்வொன்றாகத் துழாவி, பேச்சு கேட்கும் இடத்தில் நிற்கும். 1970களில் அலைவரிசை எண்ணை விசைப்பலகையில் தட்டிக்கொள்ளும் பேர்கேட் போன்ற பெட்டிகள் வந்தன. பேச்சுக்குப் பேச்சு அலைவரிசை மாற்றும் ட்ரங்கிங் முறையும், பின்னர் டிஜிட்டல் முறையும் வந்தபோது, ஸ்கேனர்களும் அவற்றைக் கற்றுக்கொண்டன. டிஜிட்டல் ஆனதால் கேட்க முடியாமல் போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. டிஜிட்டல் பேச்சையும் திறந்தே விடலாம். மறையாக்கம் தனியாக எடுக்கும் முடிவு.

எந்தப் பேச்சைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்ற வேறுபாட்டை அமெரிக்கச் சட்டமும் அறிந்தே இருந்தது. 1986ஆம் ஆண்டின் மின்னணுத் தகவல்தொடர்பு அந்தரங்கச் சட்டம் செல்பேசி உரையாடலை ஒட்டுக்கேட்பதைத் தடை செய்தது. பொதுமக்கள் எளிதில் கேட்கக்கூடிய போலீஸ், தீயணைப்பு வானொலிக்கு வெளிப்படையாக விலக்கு அளித்தது. 1994 முதல் செல்பேசி அலைவரிசைகளைப் பிடிக்கும் ஸ்கேனர்களைத் தயாரிக்கவும் தடை வந்தது. தனிமனிதர் பேச்சு வேறு, மக்கள் பணத்தில் நடக்கும் பணியின் பேச்சு வேறு என்று நாடாளுமன்றமே கோடு கிழித்த பிறகு, இரண்டாவதைக் கேட்டவரை ஊடுருவியவர் என்பது பொருந்தாது.

மறுப்புகளில் கனமானவையும் உண்டு. 2013இல் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிந்தைய தேடுதலில், ஸ்கேனரில் கேட்டதாகச் சொல்லி ஒரு அப்பாவியின் பெயரை இணையத்தில் பரப்பினார்கள். அதிகாரிகள் நிற்கும் இடங்களை வெளியிட வேண்டாம் என்று போலீஸ் கெஞ்ச வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்டவரின் பெயர், முகவரி, உடல்நிலை எல்லாம் காற்றில் போவதும் நியாயமில்லை. ஆனால் இவை எல்லாப் பேச்சையும் மூடுவதற்கான காரணங்கள் ஆகா. சில வகைப் பேச்சை மட்டும் மூடுவதற்கான காரணங்கள். அதிரடி நடவடிக்கைக்குத் தனிச் சேனல் போதும். சிகாகோ செய்ததுபோல முப்பது நிமிடத் தாமதத்தோடு வெளியிடுவது பாதி வழிதான். நிருபர் சம்பவ இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். கலிஃபோர்னியா நீதித்துறை 2020இல் அனுப்பிய சுற்றறிக்கை இரண்டு வழிகளைத் தந்தது: ஒன்று, மறையாக்கம், மற்றொன்று, தனிநபர் விவரங்கள் திறந்த வானொலியில் போகாதபடி நடைமுறையை மாற்றிக்கொள்வது. பல ஊர்கள் முதல் வழியைப் பிடித்தன. பாலோ ஆல்டோவும் அப்படித்தான் மூடியது. பின்பு 2022இல் இரண்டாவது வழிக்கு மாறித் தன் வானொலியைத் திறந்துவிட்டது.